வலது பக்கப் பெட்டி

போன மாதம் வேப்பம்பட்டு வீட்டின் சின்ன அறைக்கு ஓர் ஆம்ப்ளிஃபயர் வாங்கினேன். பெங்களூரிலிருந்து மகன் பதினாறு மாடல்களைப் பட்டியல் போட்டு அனுப்பியிருந்தான். ஒவ்வொன்றுக்கும் எதிரே வாட், ஓம், எத்தனை நட்சத்திரம் என்று கட்டம் கட்டமாக இருந்தது. கடையில் உட்கார்ந்து இரண்டைக் கேட்டேன். இரண்டாவதில் பாடகி மூச்சு இழுப்பது பக்கத்தில் இருப்பவள் இழுப்பது போலக் கேட்டது. அதையே கட்டச் சொல்லிவிட்டேன். மொத்தம் அரை மணி நேரம். மகனுக்குத்தான் ஏமாற்றம்.

பத்தடி அறைக்குப் பாட்டுப் பெட்டி தேடும் என் வயதுக்காரர்களுக்கு நான் சொல்லக்கூடியது அவ்வளவுதான். பட்டியலை மடித்து வைத்துவிட்டு உட்கார்ந்து கேளுங்கள். இதைச் சொல்ல எனக்கு ஒரு தகுதி உண்டு. நான் ஏழாம் வகுப்பு முடித்த வருடம், எங்கள் வீட்டுக்கு ஓர் ஆம்ப்ளிஃபயரைத் தேர்ந்தெடுக்கச் சித்திரையில் தொடங்கி ஆடி வரை ஆனது.

அப்போது கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டைக்குப் பின்னால், ஒரே கூரையின் கீழ் வரிசையாக இருந்த எட்டு வீடுகளில் கடைசி வீடு எங்களுடையது. ஒரு கூடம், ஒரு சமையற்கட்டு. கூடம் பத்துக்குப் பத்து. அப்பாவை நான் நைனா என்றுதான் கூப்பிடுவேன். நைனாவுக்கு இரும்பு அடிக்கும் கம்பெனியில் வேலை. பழுக்கக் காய்ந்த இரும்புத் துண்டை இடுக்கியால் பிடித்து வைத்தால் மேலிருந்து பெரிய சுத்தியல் மெஷின் இறங்கும். அந்த அடி எங்கள் வீட்டுத் தண்ணீர்க் குடத்தில் வளையம் வளையமாகத் தெரியும். நைனாவின் காக்கிச் சட்டையை எத்தனை முறை துவைத்தாலும் எண்ணெயும் கரியும் கலந்த ஒரு வாசனை போகாது. அந்த வாசனையை வைத்துத்தான் அவர் வீட்டுக்குள் வந்துவிட்டதைத் தெரிந்துகொள்வேன். அந்த ஒரு வருடமாக அவர் வரும்போது கூப்பிடுவதும் இல்லை, நான் கூப்பிட்டால் திரும்புவதும் இல்லை.

அம்மாவுக்கு அதுதான் பெரிய குறை.

"நா பேசறது இன்னா, செவுத்துக்கா?" என்பாள். நைனா சோற்றைப் பிசைந்துகொண்டிருப்பார். அடுப்பங்கரை அவர் சாப்பிட உட்காரும் இடத்துக்கு வலது பக்கம். அம்மா அங்கிருந்தபடியேதான் பேசுவாள்.

சித்திரை தொடக்கத்தில் ஒரு நாள் அம்மா அங்கிருந்தே கேட்டாள். "எனுக்கு இங்க இருக்கவே புடிக்கல. எங்க ஊருக்குப் போவட்டுமா, வேணாமா? ஒரு வார்த்த சொல்லு." நைனா ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. மோர் ஊற்றிக்கொண்டார். மறுநாள் அம்மா என்னையும் ஒரு துணிப் பையையும் பிடித்துக்கொண்டு ரயிலேறினாள். ஆரம்பாக்கத்தில் பெரிய மாமா வீட்டில் நெல் அறுப்பு நடந்துகொண்டிருந்தது. பத்து நாள் இருந்தோம். நைனா வந்து கூப்பிடுவார் என்று அம்மா தினமும் ஸ்டேஷன் பக்கம் பார்த்தாள். அவர் வரவில்லை. பள்ளிக்கூடத்தில் ரிசல்ட் பார்க்க வேண்டும் என்று நான் அழுததால் திரும்பினோம்.

திரும்பும்போது எங்களோடு ஒரு டேப் டெக் வந்தது. வளைகுடாவிலிருந்து லீவில் வந்திருந்த சின்ன மாமா கொடுத்தது. வெள்ளி நிறம். பொத்தானைத் தொட்டால் கேசட் கதவு அவசரமில்லாமல் மெல்ல இறங்கித் திறக்கும். அந்தக் கதவு இறங்குவதைப் பார்ப்பதற்காகவே பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் வரிசையில் நின்றார்கள். ஆனால் அது தானாகப் பாடாது. ஆம்ப்ளிஃபயர் வேண்டும், இரண்டு ஸ்பீக்கர் வேண்டும். நைனாவுக்கு ஆசை பிடித்துக்கொண்டது. தச்சரிடம் சொல்லி இரண்டு பெட்டி செய்து, முன்னால் பழுப்புத் துணி ஒட்டி, கூடத்தின் இரண்டு மூலையிலும் வைத்தார். கோந்து வாசனையில் இரண்டு நாள் தலை வலித்தது.

ஆம்ப்ளிஃபயருக்கு பஜாரில் ஒரு ரேடியோக்கடைக்காரர் இருந்தார். தானே சர்க்யூட் கோத்து, தானே தகரப் பெட்டியில் அடைத்து விற்பவர். அவர் கடையில் ஒரு நல்ல பழக்கம், பொருளை வீட்டுக்கு எடுத்துப் போய்க் கேட்டுப் பார்க்கலாம்.

"பத்துக்குப் பத்து ரூமுக்கு இது போதும்ணா" என்று ஒரு சின்னப் பெட்டியை நைனாவிடம் கொடுத்தார். "மொத்தமே பத்து வாட்டு. இதுக்கு மேல போனா செவுருதான் அதிரும், பாட்டு வராது. பொட்டிய மூலைல வெக்காதீங்க, கொஞ்சம் முன்னால இழுத்து வையுங்க." கூடவே ஒரு கேசட்டும் தந்தார். அதில் பாட்டு இல்லை. ஒரு ரயில் இடது பெட்டியிலிருந்து கிளம்பி, கூடத்தின் குறுக்கே ஓடி, வலது பெட்டிக்குள் போய் மறையும். ஸ்டீரியோ என்றால் என்ன என்று காட்டுவதற்கு.

நைனா இரண்டு பெட்டிக்கும் நடுவில் பாயில் உட்கார்ந்தார். நான் பொத்தானை அழுத்தினேன். ரயில் ஓடியது. எனக்கு மயிர்க்கூச்செறிந்தது.

"பாதி ரூமு வரிக்கும் வந்துச்சி" என்றார் நைனா. "அப்பறம் எங்க பூட்ச்சி?"

"இந்தப் பக்கம் போவுதே நைனா!"

"எங்க போவுது? அந்தப் பொட்டி வாயே தெறக்கலியே."

ஆம்ப்ளிஃபயர் திரும்பிப் போனது. இரண்டாவது வந்தது, நாற்பது வாட். முகப்பில் அலுமினியத் தகடு, நான்கு திருகு. சும்மா இருக்கும்போதே வண்டு மாதிரி ரீங்கரித்தது. நைனா சத்தத்தை ஏற்றிக்கொண்டே போனார். மூன்றாவது வீட்டிலிருந்து ஆள் வந்து கதவைத் தட்டினார். ரயில் அதிலும் நடுக் கூடத்தில் நின்றுவிட்டது என்றார் நைனா. அதுவும் திரும்பிப் போனது.

மூன்றாவது, ஜப்பானியப் பழசு. சத்தத்துக்கு ஏற்ப இரண்டு சின்ன முள் பச்சை வெளிச்சத்தில் துடிக்கும். நான் கண்டதிலேயே அழகான பொருள் அதுதான். வலது முள்ளும் இடது முள்ளும் ஒன்றாகத்தான் துடித்தன. நைனா முள்ளைப் பார்த்தார், பெட்டியைப் பார்த்தார். "முள்ளு ஆடுது. பொட்டி பேசல" என்றார்.

ரேடியோக்கடைக்காரர் சைக்கிளில் வீட்டுக்கே வந்தார். இந்த ஒயரை அந்தப் பெட்டிக்கும் அந்த ஒயரை இந்தப் பெட்டிக்கும் மாற்றினார். பெட்டிகளையே இடம் மாற்றினார். எதை மாற்றினாலும் வலது பக்கம் ஊமை என்றார் நைனா.

"ஒயர மாத்தியாச்சி, பொட்டிய மாத்தியாச்சி, ஆம்ப்ளிஃபயரே மூணு மாத்தியாச்சி" என்று எழுந்தார் கடைக்காரர். "இன்னும் இந்தச் செவுருதாண்ணா பாக்கி. வாங்க இஷ்டமில்லன்னா இல்லன்னு சொல்லிடுங்க, எனுக்கு ஒன்னும் பேஜாரு இல்ல."

அவர் போன பிறகு அம்மா என்னிடம் மெதுவாகச் சொன்னாள். "எங்க தம்பி குடுத்த பொருளு. அது இந்த ஊட்ல பாடக் கூடாது. அதான் சேதி."

நானும் அதை நம்பினேன்.

வைகாசியில் ஒரு நாள் துவைக்கப் போட்ட காக்கிச் சட்டைப் பையில் ஒரு காகிதம் இருந்தது. அம்மா என்னைப் படிக்கச் சொன்னாள். கம்பெனி மெமோ. தலைக்கு மேலே கிரேன் இரும்பைத் தூக்கி வரும்போது மணி அடித்தும் நைனா விலகவில்லை, தொப்பியில் உரசிப் போயிருக்கிறது, இது கவனக்குறைவு, இன்னொரு முறை நடந்தால் வேலை இல்லை. கீழே போர்மேனின் கையெழுத்து. நான் "உரசி" என்ற இடத்துக்கு வந்தபோது அம்மா சட்டையைக் கீழே போட்டுவிட்டாள்.

மாலையில் நைனா வந்ததும் நேருக்கு நேர் நின்று கேட்டாள்.

"மணி அடிச்சாங்களாம்" என்றார் நைனா. "அடிக்கல மே. சத்தியமா அடிக்கல. அடிச்சிருந்தா எனுக்குக் கேக்காதா? அந்த போர்மேனு எல்லார் எதுர்லயும் கத்தறாரு, குடிச்சிட்டு வந்தியான்னு. நா என்னிக்குக் குடிச்சேன்?"

அந்த வாரம் முழுக்க வீட்டில் யாரும் பாட்டைப் பற்றிப் பேசவில்லை. ஜப்பான் ஆம்ப்ளிஃபயரைத் திருப்பிக் கொடுக்கக்கூட யாருக்கும் தோன்றவில்லை. நைனா வேலைக்குக் கிளம்பினால் அம்மா கதவில் நின்று பார்ப்பாள். இருவருக்கும் இடையில் இருந்த கோபத்துக்குள் பயமும் வந்து உட்கார்ந்துகொண்டது.

ஆனி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. மத்தியானம் புழுக்கம் தாங்காமல் காற்றுக்காக நைனா வழக்கத்துக்கு மாறாக வாசலுக்கு முகம் காட்டி, ஸ்பீக்கர் பெட்டிகளுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். நான் பொழுது போகாமல் அந்த ரயில் கேசட்டைப் போட்டேன்.

"அட, அந்தப் பொட்டி இன்னிக்குப் பேசுதே!" என்றார் நைனா. பிறகு, "இப்ப இது பூட்ச்சா? ரயிலு நடுவுல இருந்துதான் கெளம்புது" என்றார்.

நான் அப்படியே நின்றேன். நேற்று வரை பேசிய பெட்டி இன்று ஊமை. ஊமை இன்று பேசுகிறது. பெட்டி இரண்டும் இருந்த இடத்தில்தான் இருந்தன. திரும்பி உட்கார்ந்தது நைனாதான்.

அவர் பின்னால் போய் வலது காதுப் பக்கம் குனிந்து, "நைனா, எனுக்கு ஜடை பில்லை வாங்கித் தா" என்றேன். வெங்காயம் உரிந்துகொண்டே இருந்தது. இடது பக்கம் போய் அதே குரலில் சொன்னேன். "இன்னாத்துக்கு இப்ப ஜடை பில்லை?" என்று திரும்பினார்.

சமையற்கட்டுக்கு ஓடி அம்மாவிடம் சொன்னேன். அவள் நம்பவில்லை. கையைத் துடைத்துக்கொண்டு வந்து நைனாவின் வலது பக்கம் நின்றாள். சாதாரணக் குரலில் சொன்னாள்: "நா இன்னிக்கே ஆரம்பாக்கம் போறேன். இனிமே வர மாட்டேன்."

நைனா தோலை முறத்தில் போட்டார்.

அம்மா சுற்றிக்கொண்டு இடது பக்கம் வந்தாள். "நா ஆரம்பாக்கம் போறேன்."

கையிலிருந்த வெங்காயம் உருண்டது. "ஏன்மே? இன்னா ஆச்சி? ஊர்ல யாருக்காச்சும் ஒடம்பு சரியில்லியா?"

அம்மா அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டாள். முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். அழுகிறாளா சிரிக்கிறாளா என்று எனக்குத் தெரியவில்லை. "ஒன்னுமில்ல. நா எங்கியும் போவல" என்று மட்டும் சொன்னாள்.

ஆடி முதல் வெள்ளிக்கிழமை திருவள்ளூரில் ஒரு காது டாக்டரிடம் மூன்று பேரும் போனோம். நைனா வழியெல்லாம் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தார். காது போய்விட்டது என்றால் கம்பெனியில் வைத்துக்கொள்வார்களா என்பது அவர் கவலை. டாக்டர் நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு வலது காதைப் பார்த்தார். நீண்ட நேரம் பார்த்தார். வெதுவெதுப்பான தண்ணீரைப் பீச்சினார். ஒரு மெல்லிய கொக்கியை உள்ளே விட்டு மெதுவாக இழுத்தார். பீங்கான் தட்டில் கரியாக ஒன்று விழுந்தது. புளியங்கொட்டை அளவு இருக்கும்.

"இது இன்னாதுங்க?" என்றாள் அம்மா.

"பஞ்சு. மெஷின் சத்தத்துக்கு வெச்சிருப்பார். பாதி வெளில வந்திருக்கு, பாதி உள்ளயே தங்கியிருக்கு. அது மேல அழுக்கு சேர்ந்து கல்லாட்டம் ஆயிடுச்சு."

நைனா காதைப் பொத்திக்கொண்டார். "ஏன் டாக்டர் கத்தறீங்க?"

"நான் மெதுவாத்தான் பேசறேன்" என்று டாக்டர் சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, சுத்தியல் சத்தம் இரண்டு காதையும் ஓரளவு தேய்த்திருக்கிறது, மெல்லிய சத்தங்கள் சில இனி வராது, போனதைக் கொண்டுவர முடியாது, இருப்பதைக் காப்பாற்றலாம் என்றார். ரப்பரில் அடைப்பான் இருக்கிறது, கம்பெனியில் கேட்டு வாங்குங்கள், பஞ்சைத் தொடாதீர்கள் என்று எழுதியும் கொடுத்தார்.

தெருவில் இறங்கியதும் நைனா நின்று நின்று நடந்தார். தன் செருப்புச் சத்தத்தை அவரே கேட்டுக்கொண்டு வந்தார். பெரியபாளையத்தில் பஸ் மாற வேண்டும். ஆடி வெள்ளி, கூட்டம் நெரிந்தது. வேப்பிலை வாசனை, மஞ்சள் புடவைகள், கோயில் பக்கம் பம்பையும் உடுக்கையும். நாங்கள் நின்ற இடத்துக்கு வலப்பக்கம்தான் பம்பை. நைனா முகத்தைச் சுளித்தார், கையால் காதை மறைத்தார், எடுத்தார், மறுபடி மறைத்தார். அப்புறம் சிரிக்க ஆரம்பித்தார்.

"வா, அந்தாண்ட போலாம்" என்றாள் அம்மா.

"இரு மே. கொஞ்ச நேரம் இங்கியே நிப்போம்."

இரண்டு பஸ்ஸை விட்டோம். மூன்றாவதில் இடம் கிடைத்தது. அம்மா ஜன்னல் ஓரம், நைனாவின் வலது பக்கம். கவரைப்பேட்டை தாண்டியதும் கேட்டாள்.

"சித்திரையில நா ஊருக்குப் போறேன்னு கேட்டப்ப ஏன் ஒன்னும் சொல்லல?"

"எப்ப கேட்ட? உங்க அண்ணன் ஊட்ல அறுப்புன்னுதானே போன? நாலு நாளாவது இருந்துட்டு வரட்டும்னு நா உட்டுட்டேன்."

அம்மா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அவள் தோள் குலுங்கியது. இந்த முறை அது சிரிப்பு என்று எனக்கு நன்றாகவே தெரிந்தது.

எனக்கும் ஒரு பாரம் இறங்கியது. அதை அப்போது யாரிடமும் சொல்லவில்லை. அந்த வருடம் நைனாவைப் பின்னாலிருந்து கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பார்த்து, நான் பெரியவளாகிவிட்டதால் அவருக்கு என்னைப் பிடிக்கவில்லை என்று முடிவுகட்டி, பள்ளிக்கூடக் கதை சொல்வதையே நிறுத்தியிருந்தேன். பஸ் கும்மிடிப்பூண்டி போய்ச் சேர்வதற்குள் ஒரு வருடக் கதையில் பாதியைச் சொல்லி முடித்தேன்.

மறுநாள் ஜப்பான் ஆம்ப்ளிஃபயரைத் தூக்கிக்கொண்டு பஜாருக்குப் போனோம். கடைக்காரர் எங்களைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். நைனா விஷயத்தைச் சொன்னார். கடைக்காரர் முதலில் தலையில் அடித்துக்கொண்டார். பிறகு எழுந்து வந்து நைனாவின் கையைப் பிடித்துக்கொண்டு, "நா ஏதேதோ பேசிட்டேன்ணா" என்றார். மூன்றையும் மறுபடி கேட்டோம். முதலில் திருப்பியனுப்பிய பத்து வாட் தகரப் பெட்டியிலேயே ரயில் முழுசாக ஓடியது. "இதுவே நல்லாத்தானே கீது? இத எதுக்கு வேணாம்னேன்?" என்றார் நைனா. அதையே வாங்கினோம். வீட்டில் பெட்டிகளை மூலையிலிருந்து ஒரு முழம் முன்னே இழுத்து வைத்தோம். வலதும் இடதும் ஒரே அளவில், ஒருவர் பேசினால் மற்றவருக்குக் கேட்கும் சத்தத்தில் பாடின.

டாக்டர் சீட்டைப் பார்த்து ஆபீஸில் மெமோவை ரத்து செய்தார்கள். ரப்பர் அடைப்பான் வாங்கித் தருவதாகவும் சொன்னார்கள், வாங்கியும் தந்தார்கள். ஆனால் செய்தி ஷிப்ட் முழுக்கப் பரவிவிட்டது. அடுத்த வாரம் ஞாயிற்றுக்கிழமை காலை நாஷ்டா முடிந்ததும் நைனாவோடு வேலை செய்யும் நான்கு பேர் எங்கள் வாசலில் நின்றார்கள். எங்களுக்கும் அந்த ரயிலைப் போட்டுக் காட்டு என்றார்கள்.

அதற்கு ஒரு முறையை நைனாவே வகுத்தார். வந்தவர் பெட்டிகளுக்கு முதுகு காட்டிச் சுவரைப் பார்த்து உட்கார வேண்டும். நான் சத்தத்தை முழுக்கக் குறைத்துவிட்டு, ஒரு பெட்டி மட்டும் பாடும்படி பேலன்ஸ் திருகை ஏதாவது ஒரு பக்கம் திருப்பி, மெல்ல ஏற்றுவேன். எந்தப் பக்கம் கேட்கிறதோ அந்தக் கையைத் தூக்க வேண்டும். மூன்று பேர் சரியாகத் தூக்கினார்கள். நாலாமவருக்கு இடது பக்கம் ரொம்பத் தாமதமாகக் கேட்டது. அவரும் திருவள்ளூர் போவதாகச் சொன்னார்.

அப்போது போர்மேன் வந்தார். வெள்ளைச் சட்டை போட்டிருந்தார். எல்லோரும் எழுந்து நின்றோம். "இன்னாவோ ஸ்டீரியோவாமே! நானும் ஒன்னு வாங்கலாம்னு பாக்கறேன்!" என்று அவர் சொன்னபோது சமையற்கட்டில் பாத்திரம் அதிர்ந்தது. அவருக்குக் குரலே அப்படி. அந்தக் குரலுக்குப் பயந்துதான் ஷிப்டே நடந்தது.

"ஒக்காருங்க சார். நீங்களும் கேட்டுப் பாருங்க" என்று நைனா நாற்காலியைச் சுவர்ப் பக்கம் திருப்பிப் போட்டார். போர்மேன் உட்கார்ந்தார். நான் வழக்கம்போலச் சத்தத்தை முழுக்கக் குறைத்தேன். டெக்கில் கேசட் சுழன்றுகொண்டிருந்தது. கூடத்தில் ஒரு சத்தமும் இல்லை. நான் இன்னும் சத்தத்தை ஏற்றவே இல்லை.

போர்மேன் இரண்டு கையையும் தூக்கினார்.

"கேக்குது! ரெண்டு பக்கமும் ஜம்முனு கேக்குது!"

நான் நைனாவைப் பார்த்தேன். பேசாதே என்று அவர் கண்ணால் சொன்னார். "சார்" என்று கூப்பிட்டார். போர்மேன் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார். கை இரண்டும் இன்னும் மேலேதான் இருந்தன. நைனா சுற்றிப் போய் அவருக்கு எதிரே குந்தி உட்கார்ந்தார். குடிச்சிட்டு வந்தியா என்று எல்லார் முன்னாலும் கேட்ட மனிதரின் காதோரம் வாயை வைத்து, பொறுமையாக, உரக்கச் சொன்னார்.

"சார், வர்ற வெள்ளிக்கெழம திருவள்ளூர் போலாமா? தொணைக்கு நானும் வரேன்."

போர்மேனின் கைகள் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கி மடிக்கு வந்தன. எவ்வளவு நாளாக அவருக்கே தெரியுமோ, யாருக்கும் தெரியாமல் எத்தனை நாள் வாயசைவைப் பார்த்தே வேலை வாங்கினாரோ. நைனாவின் கையைப் பிடித்துக்கொண்டார். அறையில் இருந்தவர்களை ஒரு முறை பார்த்துவிட்டு, நைனாவின் பக்கம் குனிந்து, ரகசியமாகச் சொல்வதாக நினைத்துக்கொண்டு சொன்னார்:

"யாருக்கும் தெரிய வேணாம்ப்பா!"

குழாயடியில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்த பெண்கள் அத்தனை பேரும் எங்கள் வீட்டைத் திரும்பிப் பார்த்தார்கள். முதலில் சிரித்தது அம்மா. டீத் தட்டைப் பிடித்திருந்த கை ஆடி ஆடி டீ சிந்தியது. பிறகு நான்கு பேரும் சிரித்தார்கள், நைனா சிரித்தார். கடைசியாக, எதற்குச் சிரிக்கிறார்கள் என்று நைனாவிடம் கேட்டுத் தெரிந்துகொண்டு, போர்மேனும்.